ராஜாளி, ஒரு மணி நேரம் கழித்து

மஞ்சக்குட்டையிலிருந்து ஏற்காட்டுக்குக் கிளம்பிய ஜீப்பில் தேவகுமாரி ஏறி, பையை மடியில் வைத்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தும் ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் அந்த இரண்டு பையன்களும் ஓடிவந்து பின்னால் தொற்றிக்கொண்டார்கள். சுற்றுலா வந்தவர்கள். அவர்களுக்கு முன்னாலேயே அவர்கள் போட்டிருந்த வாசனை வண்டிக்குள் ஏறிவிட்டது. எலுமிச்சைத் தோலைக் குளிர்ந்த இரும்பில் தேய்த்தது போல, பச்சை மிளகை நசுக்கி மூக்கில் வைத்தது போல ஒரு வாசம்.

"சதீஷு, கொஞ்சம் நிறுத்து சாமி."

டிரைவர் சதீஷ் கண்ணாடியில் பார்த்தான். "ஏனுங்க டீச்சர், இப்பத்தான ஏறுனீங்க?"

"அடுப்புல பால வெச்சுட்டு வந்துட்டேன்."

"போன வாரமும் பாலத்தானுங்க வெச்சீங்க" என்றான் அவன். ஆனால் நிறுத்தினான்.

ஜீப் வளைவில் மறையும் வரை அவள் ரோட்டோரம் நின்றாள். பிறகு முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். பெங்களூரிலிருந்து மகள் வருகிறாள். நாளைக்குப் புருஷன் மரியதாஸுக்கு முதல் வருஷ பூசை. மகளை அழைக்கப் போகிற அன்றைக்காவது அந்த வாசம் தன்னை விட்டுவைக்கும் என்று தேவகுமாரி நம்பியிருந்தாள். விடவில்லை.

அந்த வாசத்துக்கு ராஜாளி என்று பெயர். பெரிய நடிகர் ஒருவர் தன் பெயரில் வெளியிட்ட சென்ட். கறுப்புக் கண்ணாடிப் பாட்டில், மூடியில் இரண்டு சிறகு. வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் மவுசு குறையவில்லை. காசுள்ளவர்கள் பாட்டிலாக வாங்கினார்கள். இல்லாதவர்களுக்குச் சேலம் கடைவீதியில் அதே பெயரில் உருட்டிப் பூசுகிற சின்னக் குப்பி கிடைத்தது. வெள்ளக்கடைப் பையன்கள் பைக்கில் போனால் அந்த வளைவு முழுக்க ராஜாளி நிற்கும். ஊரெல்லாம் ஆசையாகப் பூசிக்கொண்ட அந்த வாசம், தேவகுமாரிக்கு மட்டும் பிணத்தின் வாசம்.

இதை மகளிடம் சொல்ல முடியாது. ஏனென்றால் அந்தப் பாட்டிலை அனுப்பியதே மகள்தான்.

ஆன்மேரிக்குப் பெங்களூரில் ஒரு பெரிய மாலில் சென்ட் கடையில் வேலை. புதிதாக எந்த நடிகை, எந்த ஆட்டக்காரர், எந்த வெளிநாட்டு டிசைனர் பெயரில் சென்ட் வந்தாலும் முதலில் அவள் கைக்குத்தான் வரும். அதைத் தன் மணிக்கட்டில் அடித்துக்கொண்டு, எப்படி மணக்கிறது என்று தமிழில் சொல்லிப் போனில் வீடியோ போடுவாள். ஒவ்வொரு வீடியோவிலும் இரண்டு பாகம். முதலாவது, அடித்த உடனே. இரண்டாவது, ஒரு மணி நேரம் கழித்து.

அந்த வீடியோக்களுக்கு மரியதாஸைப் போல ஒரு ரசிகர் கிடையாது. தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் அவர் ரைட்டர், கணக்கெழுதி ஆள் பார்க்கிற வேலை. வேலை முடிந்து வந்ததும், சிக்னல் கிடைக்கிற சமையலறை ஜன்னலோரம் போனைச் சாய்த்து வைத்துக்கொள்வார்.

"இந்த நடிகை விட்டது அடிச்ச உடனே பால்கோவா" என்பாள் போனுக்குள் ஆன்மேரி. "ஒரு மணி நேரம் கழிச்சு, பால்கோவா சுத்தி வந்த காயிதம்."

"கேட்டியா?" என்று மனைவியைப் பார்த்துச் சிரிப்பார் மரியதாஸ்.

கிரிக்கெட்காரர் ஒருவருடைய சென்ட் முதலில் நீச்சல்குளமாம், கடைசியில் குளித்தவர் துவட்டிப் போட்ட துண்டாம். பாரிஸ் டிசைனர் ஒருவர் கொண்டுவந்தது ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கும். அது ஆஸ்பத்திரிக் கட்டுத்துணியையும் கருகிய ரோஜாவையும் சேர்த்து முகர்ந்த மாதிரி என்றாள். "இதுக்குப் போயி பாரிஸா? நம்ம எஸ்டேட் டிஸ்பென்சரில உக்காந்தா சும்மாவே கெடைக்கும்" என்றார் மரியதாஸ்.

அந்த இரண்டாம் பாகத்தை வைத்து அவர் மனைவியைச் சீண்டுவதும் உண்டு. "நான் பொண்ணு பாக்க வந்தப்ப உங்கம்மாளும் இப்படித்தான் கண்ணு. உள்ள வந்த உடனே மொகத்தத் தூக்கி வெச்சிருந்தா. ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் சுமாராத் தெரிஞ்சா" என்று போனில் மகளிடம் சொல்வார். "உங்களுக்கு இன்னும் ரெண்டாம் பாகமே வரலீங்க" என்பாள் தேவகுமாரி அடுப்படியிலிருந்து.

சோப்பைத் தவிர வேறு வாசனை அறியாத அந்த மனிதர், ராஜாளி வீடியோவைப் பார்த்த அன்று மட்டும் மகளுக்குப் போன் போட்டு, "எனக்கு ஒண்ணு அனுப்பு கண்ணு" என்றார்.

"உங்களுக்கெதுக்குங்க இந்த வயசுல?" என்றாள் தேவகுமாரி.

"காரணம் இருக்குது."

"என்ன காரணம்?"

"போட்டுக் காமிக்கறேன், அப்பத் தெரிஞ்சுக்குவ."

பாட்டில் வந்தது. ஆனால் போடவில்லை. காப்பிப் பழம் பறிக்கிற சீசன் தொடங்கியிருந்தது. சீசனில் காப்பி குடோனுக்குள் போகிறவர்கள் வாசனை எதுவும் பூசக் கூடாது என்பது எஸ்டேட் சட்டம். காய்ந்த காப்பிக் கொட்டை பக்கத்தில் இருக்கிற வாசத்தையெல்லாம் குடித்துவிடும். பெண்கள் மல்லிகைப் பூவைக் கூடக் கழற்றி வெளியில் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். ஊரையெல்லாம் அதட்டி அந்தச் சட்டத்தைக் காப்பாற்றியவரே மரியதாஸ்தான். "சீசன் முடியட்டும். ஈஸ்டருக்குப் போட்டுக்கறேன்" என்று சொல்லிப் பாட்டிலைப் பெட்டியோடு பீரோவில் வைத்தார்.

ஈஸ்டர் வரை அவர் இல்லை. ஒரு நவம்பர் மதியம் மழை இருட்டிக்கொண்டு வர, களத்தில் காய்ந்த கொட்டையின் மேல் தார்பாயை இழுத்துப் போட்டவர், அதன் ஓரத்திலேயே உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

மறுநாள் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துச் சவப்பெட்டியில் கிடத்தினார்கள். மூடி போடுவதற்கு முன் உடம்பின் மேல் சென்ட் தெளிப்பது அவர்கள் குடும்பங்களில் வழக்கம். எல்லாச் சாவு வீட்டிலும் கடையில் விற்கிற சாதாரணக் கொலோன் பாட்டில்தான் இருக்கும். அன்றைக்கு அதை வாங்கி வர யாருக்கும் நினைவில்லை. "சென்ட் எங்க, சென்ட் எங்க" என்று கூட்டத்தில் குரல் எழுந்தது. மரியதாஸின் தம்பி டோமினிக் ஓடிப்போய்ப் பீரோவைத் திறந்தான். "எங்கண்ணன் வாசமாப் போகட்டும்" என்று அழுதுகொண்டே ராஜாளிப் பாட்டிலை, கடைசிச் சொட்டு வரை, அண்ணன் மேல் அடித்துத் தீர்த்தான்.

பெட்டிக்குள் அந்த வாசம் கத்தி மாதிரி நின்றது. கோயிலில் பூசை முடியும் வரை அப்படியே நின்றது. கல்லறையில் பெட்டியைக் கடைசியாக ஒருமுறை திறந்து காட்டினார்கள். அவள் குனிந்து அவர் நெற்றியில் முத்தம் வைத்தபோதும் கொஞ்சம் கூட மாறாமல் அதே எலுமிச்சைத் தோல், அதே இரும்பு.

அன்றிலிருந்து தேவகுமாரிக்குப் புருஷனுடைய வாசம் தொலைந்துபோயிற்று. முகம் நினைவிருந்தது. குரல் போனில் இருந்தது. ஆனால் மாலையில் அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது வீட்டுக்குள் வருகிற ஒரு வாசம் உண்டு. அதை நினைத்துப் பார்க்கப் போனால் ராஜாளி குறுக்கே வந்து நிற்கும், வேண்டாதவரை உள்ளே விடாத காவல்காரன் மாதிரி. அவருடைய ஸ்வெட்டரை முகர்ந்து பார்த்தாள். துக்கம் முடிந்து வீடு கழுவிய அன்று டோமினிக்கின் மனைவி நல்ல மனதோடு அதையும் சேர்த்துத் துவைத்துப் போட்டிருந்தாள். சோப்பு வாசம்தான் வந்தது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனிதரை இன்னொரு முறை பறிகொடுத்தது போல இருந்தது அவளுக்கு.

பஸ் ஏற்காடு ஸ்டாண்டில் நின்றபோது ஆன்மேரி சற்று முன்னால்தான் வந்து இறங்கி ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவைக் கண்டதும் பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

அவள் கழுத்திலிருந்து, அப்போதுதான் அடித்த சூட்டோடு, ராஜாளி பாய்ந்தது.

தேவகுமாரி மகளின் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டாள். தள்ளிய பிறகுதான் தள்ளியது தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் மூக்கையும் வாயையும் பொத்தினாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல கண்ணு. தல சுத்துது."

"என் மேல பஸ் நாத்தமா? கொண்டை ஊசி வளைவுல பக்கத்து சீட்டுக் கொழந்த வாந்தி எடுத்துருச்சு. அதான் எறங்குன உடனே சென்ட் அடிச்சேன்."

"அதெல்லாம் இல்ல. வா, ஜீப்பு நிக்குது."

ஜீப்பில் தேவகுமாரி முன்னால் டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஆன்மேரி பின்னால் தனியாக ஏறினாள்.

"பால் பொங்கிருச்சுங்களா டீச்சர்?" என்றான் சதீஷ்.

"நேரா ரோட்டப் பாத்து ஓட்டு சாமி."

வழி நெடுகக் கண்ணாடியில் மகள் முகம் தெரிந்தது. சின்ன வயதில் அடி வாங்கினால் அழாமல் வைத்துக்கொள்கிற அதே முகம். உன் அப்பனுக்கு நீ ஆசையாக அனுப்பியதுதான் எனக்குப் பிண வாசமாகிவிட்டது என்று பெற்ற பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வது?

வீட்டுக்கு வந்தபோது பனி இறங்கிவிட்டது. தேவகுமாரி சமையலறையில் சௌசௌ நறுக்க உட்கார்ந்தாள். ஆன்மேரி முன்னறையில் அப்பாவின் படத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு கதவோரம் வந்து, உள்ளே வராமல், நிலையில் சாய்ந்துகொண்டாள்.

"நாளைக்குப் பூசை முடிஞ்சதும் மத்தியான பஸ்ஸுக்குக் கெளம்பறேன்மா."

"லீவு போட்டிருக்கேன்னு சொன்னியே?"

"கடையில ஆள் இல்லியாம்."

பொய் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. அரிவாள்மணையில் சௌசௌ துண்டு துண்டாக விழுந்துகொண்டிருந்தது. வாசமே இல்லாத காய்.

"தண்ணி எடுத்துக்கறேன்" என்று ஆன்மேரி உள்ளே வந்தாள். அம்மாவின் தலைக்கு மேலே இருந்த அலமாரியில் டம்ளரை எடுக்கக் கையை நீட்டினாள்.

தேவகுமாரியின் கை நின்றுவிட்டது.

சாக்கு. காய்ந்த காப்பிக் கொட்டை நிரப்பித் தைத்த சாக்கு. அதோடு, சில்வர் ஓக் மரத்தை அறுத்தால் கொட்டுகிற தூள். கொஞ்சம் ஈரக் கம்பளி. அடியில் எங்கோ சூடு ஆறாத வெல்லம்.

நிமிர்ந்து பார்த்தாள். ஆன்மேரி குளிருக்கு அப்பாவின் ஸ்வெட்டரை எடுத்துப் போட்டிருந்தாள்.

"இத எப்ப எடுத்துப் போட்ட?"

"குளிருச்சு. கழட்டிரட்டுமா?"

"கழட்டாத. அப்படியே நில்லு." அரிவாள்மணையை ஒதுக்கிவிட்டு எழுந்து, மகளின் கையைப் பிடித்து, ஸ்வெட்டர் கையில் முகத்தைப் புதைத்தாள். "வந்துருச்சு கண்ணு. உங்கப்பா வாசம் வந்துருச்சு. தொவச்சதுல போயிருச்சுன்னு இருந்தேன். உள்ளயே எங்கயோ இருந்திருக்குது."

ஆன்மேரி ஸ்வெட்டரின் நெஞ்சுப் பக்கத்தை இழுத்து முகர்ந்தாள். தொழில் பழக்கத்தில் இரண்டு முறை முகர்ந்தாள். "இதுல சோப்புதான்மா இருக்குது." பிறகு கையை மேலே சுருட்டிவிட்டுத் தன் மணிக்கட்டை முகர்ந்தாள். அம்மாவின் மூக்கருகே நீட்டினாள். "இதா பாரு."

"இதேதான். என்ன இது? அந்தக் கடையில புதுசா வந்ததா?"

ஆன்மேரி சுருட்டிய ஸ்வெட்டர் கையைக் கீழே இழுத்துவிட்டாள்.

"கேக்கறேன்ல?"

"ராஜாளிம்மா."

"என்கிட்டயே சொல்றியா? அந்த வாசம் எனக்குத் தெரிஞ்சாப்ல இந்த மலையில ஒருத்தருக்கும் தெரியாது."

"பஸ் ஸ்டாண்டுல அடிச்சது. அதுக்கப்பறம் வேற எதையும் நான் தொடல."

தேவகுமாரி இருந்த இடத்திலேயே மறுபடி உட்கார்ந்தாள். மகளும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அப்புறம் எது முதலில் வந்தது என்று இருவருக்கும் பின்னால் நினைவில்லை. ஜீப்பிலிருந்து இறங்கியது, இல்லாத பால் மேல் பழி போட்டது, கோயிலில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பையனுக்குப் பயந்து எழுந்து வெளியே போனது எல்லாவற்றையும் தேவகுமாரி கொட்டித் தீர்த்தாள். கேட்டுக்கொண்டே இருந்த ஆன்மேரி அழ ஆரம்பித்தாள்.

"நான் வேற நெனச்சேன். அப்பா போன அன்னிக்கு ஒரு புது சென்ட்டு வெளியிடற விழா. போனெல்லாம் வாங்கி லாக்கர்ல வெச்சுட்டாங்க. நீ அத்தன தடவ கூப்புட்டிருக்க. நான் ராத்திரி வந்து சேர்ந்தப்ப அப்பா ஐஸ் பெட்டிக்குள்ள. அதுக்காகத்தான் இன்னிக்கு என்னத் தள்ளி விட்டன்னு…"

"அடி மக்கு. அதுக்கு உன்னை என்னிக்கு நான் கோவிச்சேன்?"

"சொன்னாத்தான தெரியும்?"

"நீ கேட்டியா?"

இதற்கு ஆன்மேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு மணிக்கட்டை மறுபடி முகர்ந்தாள். யோசித்தாள்.

"அம்மா, அப்பா மேல அது தெறக்கவே இல்ல."

"என்ன தெறக்கல?"

"சென்ட்டு. அதுக்கு உடம்புச் சூடு வேணும். சூட்டுலதான் மேல இருக்கறது பறந்து போயி அடியில இருக்கறது வெளிய வரும். அப்பாவ ஐஸ் பெட்டியில இருந்து எடுத்தாங்க. அந்தக் குளுந்த உடம்புல முதல் பாகத்தோட நின்னுபோச்சு. நீ பாத்ததெல்லாம் அந்த முதல் பாகந்தான்."

ஆன்மேரி போனை எடுத்துப் பழைய வீடியோவைத் தேடி, பாதியிலிருந்து ஓட விட்டாள். போனுக்குள் இருந்த ஆன்மேரி, ஒரு வருஷம் இளையவள், எந்தக் கவலையும் இல்லாதவள், மணிக்கட்டை முகர்ந்து சொன்னாள்: "ஒரு மணி நேரம் ஆச்சு. நெசமாச் சொல்றேன், எங்கப்பாவோட குடோன். கதவத் தெறந்தா வருமே, அது. அப்பா, இதப் பாத்துட்டு இருந்தீங்கன்னா, ஆம்பள வாசத்துக்கு நடிகர் உங்களக் கேட்டுத்தான் செஞ்சிருக்காரு."

"இந்தக் காரணந்தானா?" என்றாள் தேவகுமாரி. "காரணம் இருக்குது, காரணம் இருக்குதுன்னு சொல்லிட்டே இருந்தாரு. தன்னைப் பாட்டில்ல அடச்சு விக்கறாங்கன்னு பெருமை மனுசனுக்கு."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு வந்தது. சிரிப்போடு வேறொன்றும் வந்தது. குடோன் வாசம் அவரில் பாதிதான். மகளின் மணிக்கட்டில் இருந்ததும் அந்தப் பாதிதான். ஆனால் காவல்காரன் ஒதுங்கிவிட்டான் போலிருக்கிறது. மற்றது யாரும் கூப்பிடாமல் தானாக உள்ளே வந்தது. சிவப்பு சோப்பு, சாயங்கால வியர்வை, சட்டைப் பையில் வைத்து மறந்துபோகிற ஏலக்காய், தலையில் தடவுகிற தேங்காயெண்ணெய் காதோரம் சற்றே சிக்கு வாடை அடிப்பது. வாசலில் செருப்பைக் கழற்றுகிற மரியதாஸ், முழு ஆளாக.

தேவகுமாரி மூச்சை இழுத்து விட்டாள். ஒரு வருஷமாக அரை மூச்சுதான் விட்டுக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"மத்தியான பஸ்ஸுக்குப் போறியா?"

"கடையில ஆள் வந்துட்டாங்களாம்" என்றாள் ஆன்மேரி.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து எல்லோரும் கல்லறைக்கு வந்தார்கள். பத்தியும் மெழுகுவத்தியும் ஏற்றி, சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டுப் போன பிறகு, டோமினிக் தன் அண்ணனின் கல்லறைக்கு முன் தலை குனிந்து நின்றான். ஆன்மேரி பையிலிருந்து சிறகு வைத்த கறுப்புப் பாட்டிலை எடுத்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"கொண்டா கண்ணு. சித்தப்பன் அடிக்கறேன். போன தடவ அவசரத்துல மேலெல்லாம் கொட்டிட்டேன். இன்னிக்கு நிதானமா, கல்லு மேல, சிலுவ மேல…"

"தம்பி" என்றாள் தேவகுமாரி. "கல்லு மேல வேண்டாங்க."

டோமினிக் திடுக்கிட்டுத் திரும்பினான். "ஏனுங்கண்ணி? தப்புங்களா?"

"தப்பெல்லாம் இல்ல. உங்க கையக் காட்டுங்க."

புரியாமல் நீட்டினான். தேவகுமாரி பாட்டிலை வாங்கி மைத்துனன் மணிக்கட்டில் தானே ஒருமுறை அடித்தாள். பிறகு அவன் மனைவிக்கு. பிறகு பக்கத்து வீட்டுச் செல்வமேரிக்கு. எலுமிச்சைத் தோலும் இரும்பும் குப்பென்று எழுந்தன. அவள் முகத்தைத் திருப்பவில்லை. கண் கொஞ்சம் எரிந்தது, அவ்வளவுதான். கடைசியில் தன் மணிக்கட்டிலும் அடித்துக்கொண்டாள்.

டோமினிக் கையை முகர்ந்து முகம் சுளித்தான். "அதே வாசந்தானுங்க அண்ணி. அன்னிக்கு அடிச்சதேதான்."

"இப்ப அப்படித்தான் இருக்கும். ஊட்டுக்கு வாங்க, இட்லி அவிச்சு வெச்சிருக்குது. சாப்பிட்டு முடிச்சுட்டு மோந்து பாருங்க."

"நாளைக்கு நான் குடோனுக்குப் போகோணுமே. இது போகலைன்னா? அண்ணன் இருந்தா என்னை வாசல்லயே நிறுத்தியிருப்பாரு."

"நாளைக்குத்தான? குளிச்சுட்டுப் போங்க."

செல்வமேரி தன் கையை மூக்கிலிருந்து எடுக்காமலே நடந்தாள். "நொம்பத்தான் சுருக்குனு இருக்குதுக்கா" என்றாள். "எவ்வளவு நேரம் பொறுக்கோணும்?"

"பொண்ணு பாக்க வந்தவங்க பொறுத்த அளவு" என்றாள் தேவகுமாரி.

ஆன்மேரி மட்டும் சிரித்தாள். கோயில் வாசலில் சதீஷின் ஜீப் நின்றிருந்தது. பின்னால் இரண்டு பையன்கள் ஏற்கெனவே உட்கார்ந்து அந்தப் பக்கம் முழுக்க ராஜாளியை நிரப்பியிருந்தார்கள். சதீஷ் கண்ணாடியைச் சரிசெய்து, டீச்சர் என்ன செய்யப்போகிறார் என்று பார்த்தான்.

தேவகுமாரி மகளை முதலில் ஏறச் சொல்லி, பின்னாலேயே தானும் ஏறி, பையன்களுக்கு நடுவில் இடம் கேட்டு வாங்கி உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் நகருங்க சாமிகளா" என்றாள். "கதவச் சாத்திட்டுப் போலாம் சதீஷு, குளிருது."